பெயர் எங்கேயும் போடவில்லை

ஜூன் 22

அன்புள்ள அக்கா,

நான் சௌக்கியம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முட்டி வலி குறைந்ததா, இல்லை மாடிப்படி ஏறும்போது இன்னமும் உன்னைத்தான் திட்டுகிறாளா?

முதலில் என் புகார். உலகமே செல்போனில் மூஞ்சியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறது. "எனக்கு போன் பண்ணாத, லெட்டர் போடு, வச்சு வச்சுப் படிப்பேன்" என்று சொன்ன ஒரே அக்கா நீதான். விடுதி வார்டனிடம் தபால்பெட்டி எங்கே என்று கேட்டேன். மனுஷன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

படிப்பு பரவாயில்லை. இரண்டு பட்டம் என்றால் இரண்டு மடங்கு படிப்பு என்று நினைத்தேன். அது தப்பு, இரண்டு மடங்கு திட்டு. காலையில் சட்டம். சட்ட மேடம் சொல்கிறார்: "ஒரு வார்த்தை குறைஞ்சா கட்சிக்காரன் உள்ள போயிடுவான்." மதியத்துக்கு மேல் இதழியல். அங்கே வாத்தியார் ஒரு பழைய நிருபர், எழுதிக் கொடுத்ததையெல்லாம் வெட்டித் தள்ளுவதால் நாங்கள் வைத்த பெயர் கத்திரி. அவர் சொல்கிறார்: "ஒரு வார்த்தை கூடுனா வாசகன் வெளிய போயிடுவான்." நடுவில் நான் அல்லாடுகிறேன். காலையில் எழுதிய வாக்கியத்தை மதியம் யாருக்காவது காட்டினால் அடி விழும்.

இரண்டு கட்டடமும் எதிரெதிரே. ஆனால் மேடமும் கத்திரியும் பார்த்தால் வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் துறையில் என்ன நடக்கிறது என்று மற்றவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. எனக்கு அது வசதிதான். அங்கே தூங்கினால் இங்கே தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். லேபில் வேலை எப்படி?

உன் வாயாடி


ஜூலை 9

வாயாடித் தம்பிக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். முட்டி வலி அப்படியேதான், திட்டும் அப்படியேதான். எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? சாப்பிடாமல் பேசிக்கொண்டே இருந்தால் சட்டமும் ஏறாது, ஒன்றும் ஏறாது.

லேபில் எப்போதும்போல. டாக்டர்கள் அளவு எடுத்து அனுப்புகிறார்கள், நாங்கள் பல் செட்டு செய்து அனுப்புகிறோம். போன வாரம் ஒருவருக்குப் புதுப்பல் பொருத்தினார்களாம். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இது என் பல்லு இல்ல, என் தம்பி பல்லு மாதிரி இருக்கு, கழட்டுங்க" என்றாராம். தம்பி மேல் அவ்வளவு பாசம்.

ஒரு நல்ல செய்தி. நகரத்தின் அந்தப் பக்கம் இருக்கும் பெரிய லேபில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மெழுகில் பல் செட்டு அடுக்குவதற்கு மட்டும் ஆள் வேண்டுமாம். நாள் முழுக்க மெழுகும் பல்லும்தான். வருஷம் பிறந்ததும் சேரலாம் என்றார்கள். எனக்கு இந்த வேலை எவ்வளவு வேண்டும் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்தத் தொழிலில் எல்லா முதலாளிகளும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். நான் அங்கே போய் உட்காரும்வரை என் பேச்சு எவர் வாயிலும் அடிபடக் கூடாது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். உன் பத்திரிகைப் படிப்புக்கு எதை வேண்டுமானாலும் எழுது, யாரை வேண்டுமானாலும் கிழி. என்னைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதாதே. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போர்வை துவைத்துப் போடு. நாறும்.

அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்கா,

நலம். போர்வை துவைத்தாகிவிட்டது. புது வேலைக்கு என் வாழ்த்து. அம்மாவிடம் சொல், நான் இளைக்கவில்லை, சட்டைதான் பெரிதாகிவிட்டது.

இந்த மாதம் இரண்டு துறையிலும் ஒரே நேரத்தில் வேலை கொடுத்துவிட்டார்கள். மேடம் சொன்னது இது: அவரவர் பகுதியிலிருக்கும் தொழிலாளர் முறையீட்டு மன்றத்தின் உத்தரவு ஒன்றை எடுத்து, அலசி எழுத வேண்டும். நம் பகுதி மன்றத்தில் சமீபத்திய உத்தரவுகள் நாலைந்துதான் வெளியிட்டிருந்தார்கள். பெயர், தொழில், தெரு எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத்தான் போடுவார்கள். நான் எடுத்தது ஒரு பெண் தன் முதலாளி மேல் கொடுத்த புகார். சின்ன இடம், நாலைந்து பேர்தான் வேலை. எல்லோரும் சாப்பிடப் போன நேரம் அந்த ஆள் அவளுடைய அறைக்குள் வந்து கதவைத் தாழிட்டிருக்கிறான். மன்றம் அவளை நம்பி, அவள் பக்கம் உத்தரவு போட்டிருக்கிறது. மேடம் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு முதலாளி பக்கம் வாதாட விழுந்தது! என் தலையெழுத்தைப் பார்.

கத்திரி கொடுத்தது வேறு. "உங்க வீட்டுல யாரோ ஒருத்தர் கையால வேலை செய்வாங்கல்ல? அந்தக் கையப் பாத்து எழுதுங்க" என்றார். நீ முகத்தைச் சுளிப்பது இங்கே தெரிகிறது. பெயர் போட மாட்டேன் அக்கா. சத்தியமாக. லேபின் பெயரும் போட மாட்டேன், தெருவும் போட மாட்டேன். லீவில் வந்தபோது நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவேன். படிக்கப் போவது இந்தக் கல்லூரியில் பத்துப் பேர். அவர்களுக்கெல்லாம் சொந்தப் பல் இருக்கிறது.

என்ன சொல்கிறாய்?

உன் வாயாடி


ஆகஸ்ட் 25

தம்பிக்கு,

எல்லோரும் நலம். இங்கே மழை. அம்மா சன்னல் ஓரம் உட்கார்ந்து மழையையும் திட்டுகிறாள்.

என்னைப் பற்றிக் கட்டுரை வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். பெயர் போடாவிட்டாலும் வேண்டாம். எதிர்வீட்டுத் தையல்காரரைப் பார்த்து எழுது. அவருக்கும் கை இருக்கிறது.

அந்த உத்தரவு. வேறு எடுத்துக்கொள்ளக் கூடாதா? நாலைந்து இருந்தன என்றாயே. இது சின்ன விஷயம், இதில் உனக்கு என்ன பெயர் கிடைக்கப் போகிறது? பெரிய கம்பெனி, பெரிய வழக்கு என்று ஏதாவது எடு. மேடத்திடம் கேட்டுப் பார். சீட்டுக் குலுக்கினால் மறுபடியும் குலுக்கலாம்.

அந்தப் பெண்ணைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்றும் எழுது. சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.

நன்றாகத் தூங்கு.

அக்கா


செப்டம்பர் 19

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் உன்னைச் சுகமாகக் காணட்டும். என் காலோ தரையில் இல்லை. ஒரே வாரத்தில் இரண்டு இடத்தில் என் பெயர் அச்சில்! சட்டத் துறை மாத இதழில் என் அலசல், மாணவர் பத்திரிகையில் என் கட்டுரை. இரண்டும் கல்லூரியின் இணையப் பக்கத்திலும் ஏறிவிட்டன. வெட்டி அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படி.

கோபித்துக்கொள்ளாதே. தையல்காரரைப் பற்றி எழுதிப் பார்த்தேன், உயிரில்லாமல் வந்தது. கத்திரி முதல் பத்தியிலேயே நிறுத்திவிட்டு, "உனக்குத் தெரிஞ்ச கைய எழுதுடா" என்றார். உன்னை எழுதினேன், ஒரு வரிகூட வெட்டவில்லை! உன் பெயர் எங்கேயும் இல்லை. "என் அக்கா" என்று மட்டும்தான். மெழுகில் பல் பல்லாக நீ அடுக்குவது, பக்கத்து அறையில் மெருகு போடும் அக்கா வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பது, உன் அறைக் கதவு மூடாமல் இருக்க அளவு பார்க்க வார்த்த பிளாஸ்டர் தாடை ஒன்றை நீ கீழே முட்டுக் கொடுத்திருப்பது எல்லாம் வருகிறது. "மெழுகு வாசனைக்குத் தலை வலிக்குமாம், அதற்காகக் கதவைத் திறந்தே வைத்திருப்பாளாம், முதலாளி கத்தினாலும் அசைய மாட்டாளாம்" என்று எழுதியிருக்கிறேன். அந்த வரிக்குக் கத்திரி கை கொடுத்தார்.

சட்டக் கட்டுரை வேறு ரகம். அந்தப் பெண் அன்று முதல் தன் அறைக் கதவை மூடவிடாமல் கனமான எதையோ முட்டுக் கொடுத்தே வைத்திருந்தாளாம். அதைக் கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி சாட்சி சொன்னாளாம். மன்றம் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது. நான் முதலாளி பக்கமல்லவா, விடுவேனா? கதவைத் திறந்து வைக்க ஆயிரம் காரணம் இருக்கலாம் என்றேன். அப்படி ஒரு கொடுமை நடந்திருந்தால் ஏறக்குறைய ஒரு வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை, தினமும் அதே இடத்துக்கு எப்படி வேலைக்குப் போனாள், நம்பச் சிரமமாக இருக்கிறது என்றும் எழுதினேன். "முதலாளி வக்கீல்கூட இவ்வளவு நல்லா வாதாடியிருக்க மாட்டார்" என்று மேடமே சொல்லிவிட்டார்.

நீ கேட்டாயே, அந்தப் பெண்ணைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று. பாவம், பயந்த சுபாவம். எல்லோரும் உன்னைப் போல இருந்துவிட முடியுமா?

உடனே பதில் போடு. திட்டினாலும் பரவாயில்லை.

இரட்டை எழுத்தாளன்


அக்டோபர் 21

அக்கா,

நான் நலம். உங்கள் நலம்தான் தெரியவில்லை.

ஒரு மாதமாக ஒரு வரி இல்லை. அம்மாவுக்கு போன் செய்தால், "அவ வேலையா இருக்காடா" என்று வைத்துவிடுகிறாள். கட்டுரைக்கா இவ்வளவு கோபம்? உன்னை உயர்த்தித்தானே எழுதினேன்? பெயர்கூடப் போடவில்லையே? படித்தவர்கள் எல்லோரும், "உங்க அக்காவப் பாக்கணும்போல இருக்கு" என்கிறார்கள்.

சரி, தப்பு என்றால் தப்பு. காலில் விழுகிறேன். எழுது.

தம்பி


நவம்பர் 3

தம்பிக்கு,

அம்மாவும் நானும் வீடு மாறிவிட்டோம். புது விலாசம் பின்பக்கம் இருக்கிறது. யார் கேட்டாலும் கொடுக்காதே. உன் நண்பர்களுக்கும் கொடுக்காதே.

புது லேபில் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அம்மா நலம். நானும் நலம். பரீட்சை வருகிறது, படி.

அக்கா


நவம்பர் 13

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூசுகிறது.

இன்று காலை மேடம் அழைத்தார். அறைக்குள் போனால் கத்திரியும் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் நான் பார்த்ததே இல்லை. மேஜை மேல் என் இரண்டு கட்டுரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முறையீட்டு மன்றத்திலிருந்து கல்லூரிக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. ரகசியமாக வைக்க வேண்டிய புகார்தாரரை அடையாளம் காட்டிவிட்டீர்கள் என்று.

"பேரே இல்லையே மேடம்" என்றேன். அவர் இரண்டு தாளையும் என் பக்கம் நகர்த்தினார். சட்டக் கட்டுரையில் ஒரு வரியின் கீழே சிவப்புக் கோடு இருந்தது. பத்திரிகைக் கட்டுரையில் ஒரு வரியின் கீழே இன்னொரு கோடு. இரண்டும் கதவு.

நான் பார்த்தேன் அக்கா. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "ரெண்டு பேரும் கதவத் திறந்து வச்சிருக்காங்க, அதுக்கென்ன?" என்று கேட்டேன். கேட்டுவிட்டேன். கேட்ட வாயோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். கத்திரி எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அவர் அப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை.

பிறகு அவர்கள் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். "எங்க அலசல்ல என்ன தொழில்னே இல்ல" என்றார் மேடம். "எங்க கட்டுரையில வழக்கே இல்ல" என்றார் கத்திரி. இரண்டும் உண்மை. அவர் படித்ததை இவர் படிக்கவில்லை, இவர் படித்ததை அவர் படிக்கவில்லை. இரண்டையும் படித்தவன், இரண்டையும் எழுதியவன் நான் ஒருத்தன்தான். இணையத்திலிருந்து இரண்டையும் எடுத்துவிட்டார்கள். என்னையும் வகுப்பிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது எனக்கு ஒன்றுமில்லை.

அக்கா, அது நீயா? தாழ் போட்ட அறைக்குள் இருந்தது நீயா? நம்பச் சிரமமாக இருக்கிறது என்று நான் எழுதியது உன்னையா?

இல்லை என்று ஒரு வார்த்தை போடு. வேறு யாரோ என்று எழுது. நம்பிவிடுகிறேன்.

தம்பி


நவம்பர் 29

தம்பிக்கு,

அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். இப்போது ஊர் சொல்லி அவளுக்கும் தெரியும். தெரிந்த நாளிலிருந்து யாரையும் திட்டுவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ சாப்பிடு.

ஆமாம்டா, நான்தான்.

நீ வெட்டி அனுப்பிய தாள் என் கைக்கு வருவதற்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டது. பல் லேப்காரர்களுக்கென்று செல்போனில் ஒரு குரூப் இருக்கிறது. யாரோ உன் கட்டுரையை "நம்ம தொழிலைப் பத்தி அருமையா எழுதியிருக்கான்" என்று போட்டிருக்கிறார். இன்னொருத்தர் அதே பையன் வேறு என்ன எழுதியிருக்கிறான் என்று தேடி மற்றதையும் போட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கதவில் தாடை முட்டுக் கொடுக்கிற பைத்தியம் இந்த ஊரில் நான் ஒருத்திதான். ஊரே கண்டுபிடித்தது. உனக்கு மட்டும் தெரியவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை, கட்டுரை கூட இல்லை.

முதலாளியின் மச்சான்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார்கள். அதனால்தான் வீடு மாறினோம். சாட்சி சொன்னது யார் என்றும் உன் கட்டுரையில் தெரிந்துவிட்டதே, வாய்க்குள் பாடுகிற மெருகு அக்கா. அவள் வீட்டுக்காரர் அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். நான் போனேன். கதவைத் திறக்கவில்லை.

நீ கேள்வி கேட்டிருந்தாய் அல்லவா, ஒரு வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை, தினமும் எப்படி வேலைக்குப் போனாள் என்று? பதில் சொல்கிறேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். அவ்வளவுதான். பொக்கை வாயோடு இருக்கிறவருக்கு நான் அடுக்கின பல் சரியாகப் பொருந்திச் சிரித்தார் என்று டாக்டர் சொல்லும்போது எனக்கு வருகிற சந்தோஷம் வேறு எதிலும் வந்ததில்லை. அந்த நாய்க்காக நான் ஏன் அதை விட வேண்டும்? சொன்னால் அம்மா வேலையை விடு என்பாள். நீ எங்கேயாவது எழுதிவிடுவாய் என்று நினைத்தேன். சிரிக்காதே. போனில் பேசாமல் கடிதம் கேட்டதும் அதனால்தான். குரலில் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன்.

இப்போது கேள். அந்த ஆள் மன்றத்தில் புது மனு போட்டிருக்கிறான். ரகசிய விசாரணையை நானே தம்பிக்குச் சொல்லி, உன்னை வைத்து ஊருக்குப் பரப்பினேனாம். அதனால் என் உத்தரவை ரத்து செய்ய வேண்டுமாம். ரத்தானால் பொய்ப் புகார் கொடுத்தவள் என்று என் மேல் விழும். இந்த ஜென்மத்தில் எந்த லேபும் என்னை உள்ளே விடாது. நான் உனக்கு ஒன்றுமே சொல்லவில்லை என்று நிரூபிக்க வேண்டும். சொல்லாததை எப்படி நிரூபிப்பது என்று என் வக்கீலம்மாவே தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு அவர்தான் கேட்டார், இருவரும் எப்படிப் பேசிக்கொள்வீர்கள் என்று. கடிதம் என்றேன். வக்கீலம்மா நாற்காலியைவிட்டுக் குதித்துவிட்டார். என் கடிதங்கள் உன்னிடம் இருக்கின்றனவா? உறையோடு எல்லாவற்றையும் அனுப்பு. உன்னுடையவை என்னிடம் இருக்கின்றன. அவற்றையும் கொடுக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் படிப்பார்கள்.

அக்கா


டிசம்பர் 8

அக்கா,

நலம் கேட்டு எழுதும் தகுதி எனக்கு இல்லை. அம்மாவைக் கேட்டதாகச் சொல். மெருகு அக்காவின் விலாசம் அனுப்பு. அவர் கதவைத் திறக்காவிட்டாலும் வாசலில் நிற்கிறேன்.

உன் கடிதங்களை உறையோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒன்றையும் எறியவில்லை. அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் மறுபடியும் படித்தேன். வேறு வழக்கு எடு என்று நீ கெஞ்சியிருக்கிறாய். அந்தப் பெண்ணைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு நான் எழுதிய பதிலையும் யோசித்துப் பார்த்தேன். பிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், பக்கத்து அறைக்காரனுக்குக் கேட்கக் கூடாதென்று.

மன்றத்தில் கூப்பிட்டால் வருகிறேன். என்னை முட்டாள் என்று நிரூபிக்க வேண்டுமென்றால் உன் வக்கீலம்மாவுக்கு நானே உதவி செய்கிறேன். மன்னிப்புக் கேட்டு மாணவர் பத்திரிகையில் எழுதலாமா என்று கத்திரியிடம் கேட்டேன். "இன்னொரு தடவ எழுதுனேன்னா கைய முறிச்சிடுவேன். மன்னிப்பு உங்க அக்காகிட்ட கேளு, வாசகர்கிட்ட எதுக்கு?" என்றார். அவர் சொல்வது சரி.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. கேட்கிறேன்.

தம்பி


ஜனவரி 30

என் தம்பிக்கு,

மன்றத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. மனு தள்ளுபடி. என் உத்தரவு நிற்கிறது. முதலில் அதைச் சொல்லிவிட்டேன், மூச்சு விடு.

உன்னைக் கூப்பிடாமலே முடிந்துவிட்டது. உன் கடிதங்களே போதும் என்றுவிட்டார்கள். முதலாளியின் வக்கீல் அவற்றை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார், எங்கேயாவது ஒரு வார்த்தை மாட்டாதா என்று. நீ உன் சாமர்த்தியத்தைப் பீற்றிக்கொண்ட இடத்திலெல்லாம் தட்டச்சு செய்கிற பெண் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கு உன் மேல் கோபம் வரவில்லை, அவள் மேல்தான் வந்தது. பிறகு என் கடிதங்களைப் படித்தார். எனக்கு ஒரு குறையும் இல்லை, லேபில் எப்போதும்போல, எல்லோரும் நலம், நானும் நலம். யாரோ ஒரு அந்நியன் வாயில் அவற்றைக் கேட்டபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு பொய்யா எழுதினேன்? அதுவும் உன்னிடம்? நடுவர் அம்மா படிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

தீர்ப்பில் உன்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: "இக்கடிதங்களை முழுமையாகப் படித்ததில், புகார்தாரரின் தம்பி தம் அக்காவின் வாழ்க்கையில் நடந்த எதையும் அறிந்திருக்கவில்லை என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது." கீழே கையெழுத்து, முத்திரை. இரண்டு பட்டம் வாங்கப் போகிறவனுக்கு முதல் சான்றிதழ் வந்துவிட்டது. மாட்டி வை.

வெளியே வந்ததும் வக்கீலம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நீங்க தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா இன்னிக்கு தோத்திருப்போம்" என்றார். எல்லோரும் கை கொடுத்தார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒருத்தருமே இல்லை என்று எழுதிக் கொடுத்து, அதில் ஜெயித்த மாதிரி இருந்தது.

மெருகு அக்கா வேலைக்குத் திரும்பவில்லை. விலாசம் எழுதியிருக்கிறேன், போய் நில். அந்தப் பெரிய லேபில் மறுபடி கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள். எடுப்பார்களோ மாட்டார்களோ, தெரியாது. உன்னை மறுபடி வகுப்பில் சேர்த்துக்கொண்டார்களா? விட்டுவிடுகிறேன் கிட்டுவிடுகிறேன் என்று ஏதாவது ஆரம்பித்தால் அங்கே வந்து உதைப்பேன். இரண்டையும் படி.

அம்மா நேற்று மாடி ஏறும்போது என்னைத் திட்டினாள். நன்றாக இருக்கிறாள்.

நான் நலமாக இல்லைடா. தூக்கம் வருவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் உடம்பெல்லாம் நடுங்குகிறது. மெழுகைக் கையில் எடுத்தால் சில நாள் வேலை ஓடுகிறது, சில நாள் ஓடவில்லை. அன்றைக்கு அந்த அறையில் என்ன நடந்தது என்று மன்றத்துக்குச் சொன்னேன், வக்கீலுக்குச் சொன்னேன், என்னுடைய ஆள் ஒருத்தருக்கும் இதுவரை சொன்னதில்லை.

லீவு போட்டுவிட்டு வா. நீ ஒன்றும் பேச வேண்டாம்.

அக்கா